கொட்டாங்குச்சியில் அள்ளிய பாலாறு

எங்கள் ஆயா ஆற்றுக்குக் கிளம்பினால் இடுப்பில் ஒரு பித்தளைக் குடம், கையில் ஒரு கொட்டாங்குச்சி, தோளில் வெளுத்துப்போன வேட்டித் துணி ஒன்று. இந்த மூன்றும் போதும். பள்ளிகொண்டாவுக்கும் விரிஞ்சிபுரத்துக்கும் நடுவில் பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். 1980களில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஆயாவுக்குப் பின்னாலேயே ஓடுவேன். கரையைத் தாண்டி இறங்கினால் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் வெள்ளை மணல். அக்கரையில் நிற்பது யார் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அகலம். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது.

ஆயா கண்ட இடத்தில் தோண்டமாட்டாள். கொஞ்ச தூரம் நடந்து, குனிந்து, மணலைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். மேல் மணல் பொலபொலவென்று உதிரும். காலால் ஒரு தள்ளு தள்ளினால் உள்ளே கருத்த ஈர மணல் தெரியும். அங்கே உட்கார்ந்துவிடுவாள். குழியைச் செங்குத்தாகத் தோண்டினால் பக்கமெல்லாம் சரிந்து உள்ளே விழும். அதனால் அகன்ற சட்டி மாதிரி சரிவாகத் தோண்டிக்கொண்டே போவாள். ஒரு கட்டத்தில் அடியில் மணல் மினுங்கும். அப்புறம் ஓரத்திலிருந்து மெல்லக் கசிந்து கொட்டாங்குச்சி அளவுக்குத் தண்ணீர் சேரும். கலங்கலாக, பால் கலந்த மாதிரி இருக்கும். நான் கையை விடப் போவேன். "இருடா, மூணு தபா எறைச்சு ஊத்து" என்பாள். மூன்று முறை இறைத்து வெளியே ஊற்றிய பிறகு ஊறுகிற தண்ணீரில் குழியின் அடி மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். குடத்தின் வாயில் வேட்டித் துணியைப் போட்டு, கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளி நிரப்புவாள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை இன்றைக்கும் என் பல்லில் உணரமுடிகிறது.

குழியின் ஆழத்தை வைத்தே ஆயா மாதம் சொல்வாள். தையில் ஒரு முழம். பங்குனியில் முழங்கால். கத்திரி வெயிலில் இடுப்பளவு. "இடுப்புக்கு மேல போவாது, பாலாத்தா அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்ல" என்பாள். நான் பார்த்தவரை அந்தக் காலத்தில் போகவும் இல்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல காலமாக மூலவர் இல்லாமல் இருந்தது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து சாமி திரும்பி வந்துவிட்டார். ஆக, அந்தப் பட்டியலில் ஒன்று அடிபட்டுப் போயிற்று. ஆறு மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. வெளியூர் நண்பர்கள் ரயிலில் போகும்போது பாலத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இதுவா ஆறு?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். தண்ணீர் இல்லாத ஆறு என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: பாலாற்றில் மணல்தான் ஆறு.

இது வெறும் பாசப் பேச்சு இல்லை, கணக்கும் இருக்கிறது. ஆற்று மணலை ஒரு கன மீட்டர் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மணலுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். மழைக்காலத்தில் நான்கைந்து நாள் வெள்ளம் வந்தால் அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறையும். ஏரித் தண்ணீரை வெயில் குடித்துவிடும். மணலுக்குள் இரண்டு மூன்று அடி கீழே போன தண்ணீரை வெயில் தொடமுடியாது. அது மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே, இரண்டு கரைக் கிணறுகளுக்கும் ஊட்டிக்கொண்டே போகும். மூடி போட்ட தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு.

ஆற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து அங்கே 93, ஆந்திரத்தில் 33, மிச்சம் 222 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில். கோலார் சீமையில் அதை ஆறு என்று சொல்வதே கஷ்டம். ஒரு ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்கு, அது நிறைந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும். கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த பேதமங்கலம் ஏரி அதில் ஒன்று. பிறகு குப்பம் வழியாக வந்து, திருப்பத்தூர் மாவட்டம் புல்லூரில் நம் எல்லைக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு. கடைசியில் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடல். அந்த வயலூரில்தான் பல்லவ அரச பரம்பரையை நீளமாக வரிசைப்படுத்துகிற ராஜசிம்மனின் தூண் கல்வெட்டு இருக்கிறது. தொண்டை மண்டலத்தின் வரலாறே இந்த மணல்கரையை ஒட்டித்தான் நடந்திருக்கிறது.

ஆறு எப்போதும் இதே வழியில் போகவும் இல்லை. காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து புறப்பட்டு, பூண்டி வழியாக எண்ணூரில் கடலில் சேர்கிறதே கொசஸ்தலை ஆறு, அதற்கு வடமொழியில் விருத்த க்ஷீர நதி என்று ஒரு பெயர் உண்டு. கிழப் பாலாறு என்று அர்த்தம். ஒரு காலத்தில் பாலாறு வடகிழக்காகத் திரும்பி அந்தத் தடத்தில்தான் ஓடியது என்கிறார்கள் நிலவியல்காரர்கள். சென்னையில் இருந்துகொண்டு பூண்டித் தண்ணீர் குடிப்பவர்கள், பாலாறு கைவிட்ட படுகையில் வருகிற தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கீழே தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அதை வயலுக்குக் கொண்டுபோக நம் ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இந்த ஆற்றில் மிகவும் பிடித்த விஷயம். ஊற்றுக்கால். மோட்டார் கிடையாது, கமலை கிடையாது, மாடு கிடையாது. ஆற்று மணலில் நீளமாக ஒரு வாய்க்காலைத் தோண்டுவார்கள். ஆறு கீழே இறங்கிப்போகிற சரிவைவிட வாய்க்காலின் சரிவு குறைவாக இருக்கும். மேல்முனையில் மணலுக்குள் ஓடுகிற நீர் வாய்க்காலில் கசிந்து விழும். அது அப்படியே மெதுவாக நடந்து, கொஞ்ச தூரம் போனதும் ஆற்றைவிட மேடான கரை நிலத்துக்கு வந்துவிடும். ஆயா குழியில் செய்ததை ஊரே சேர்ந்து மைல் கணக்கில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் வந்தால் மணல் மூடிவிடும். அதனால் வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் எடுக்கவேண்டும். வராத வீட்டுக்குத் தண்டம் போடுவார்கள் என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார். ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் இந்த ஊற்றுக்கால்கள்தான் நெல் விளைவித்தன. இன்றைக்கு அந்த ஊர்களில் போய்க் கேட்டால், முள்ளு மண்டிய ஒரு பள்ளத்தைக் கை நீட்டிக் காட்டுவார்கள்.

சாமிக்கும் இது தெரிந்திருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குப் போவார். பூமிக்கடியில் படி இறங்கிப் போகிற கிணறு அது. உற்சவத்துக்காகத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பெருமாளை உள்ளே எழுந்தருளச் செய்வார்கள். அங்கிருந்து கிளம்பிப் பாலாற்று மணலில் இறங்குவார். அதற்கு ஊறல் உற்சவம் என்று பெயர். கொளுத்துகிற சித்திரையில், மணலில் ஊறுகிற ஊற்றை நாடிப் பெருமாளே வருகிறார். ஒருமுறை கூட்டத்தில் நின்று பார்த்தபோது எனக்கு ஆயாவின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

இன்னும் கொஞ்சம் கீழே போனால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. வீரசோழன் ஆதுலசாலை என்ற ஆஸ்பத்திரியைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. 15 படுக்கை, வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள், யாருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பில் இருக்கவேண்டும் என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு ஆறு ஊருக்குச் சோறு போட்டு மிச்சமும் வைத்தால்தான் இப்படியெல்லாம் செய்யத் தோன்றும்.

வெள்ளைக்காரர்கள் வாலாஜாவுக்குப் பக்கத்தில் 1850களில் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு கட்டினார்கள். வடக்கே காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி. தெற்கே சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிந்து போகின்றன. கால்வாய்கள் போய்ச் சேருகிற ஏரிகளைப் பாருங்கள். மகேந்திரவாடி முதலாம் மகேந்திரவர்மன் பெயரில் இருக்கிற ஊர். ஏரிக்கரையில் அவன் குடைந்த கோயிலின் கல்வெட்டே அந்த ஏரியைச் சொல்கிறது. காவேரிப்பாக்கமும் பல்லவர் கால ஏரிதான். 1200 வருஷத்துக்கு முந்தைய ஏரிக்கு 19-ஆம் நூற்றாண்டுக் கால்வாய் தண்ணீர் கொண்டுபோனது.

இந்த அமைதியான ஆறு ஒருமுறை ஒரு ஊரையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. 1903 நவம்பரில் மேலே மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடிக்குள் புகுந்தது. சுமார் 200 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் நினைவாக அங்கே ஒரு தூண் இருக்கிறது. வறண்ட ஆறு என்று சொல்லிக்கொண்டு படுகைக்குள்ளேயே வீடு கட்டுகிறவர்களை அந்தத் தூணுக்கு முன்னால் ஒருமுறை நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, தண்ணீர் எங்கே போயிற்று? எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஆந்திராவைத்தான் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1892-லேயே மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். கீழே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் மேலே இருப்பவர் இந்த ஆறுகளில் புதிதாக அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். அன்றைக்குக் குப்பம் பகுதி நம் வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்தது; 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானபோதுதான் பிரிந்து போனது. ஒரே மாகாணத்துக்குள் இருந்த ஆறு பிற்பாடு இரண்டு மாநிலத்து ஆறாகிவிட்டது. அந்த 33 கிலோமீட்டருக்குள் ஆந்திரம் வரிசையாகத் தடுப்பணைகள் கட்டியிருக்கிறது. புல்லூரில் கனகநாச்சியம்மன் கோயிலை ஒட்டியுள்ள தடுப்பணையை 2016-ல் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தினார்கள். நான் போய்ப் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் பாறையும் புல்லும். கும்பிட வந்த வாணியம்பாடி அம்மா ஒருவர் சுவரைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆனால் திரும்பி வருகிற வழியில் எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. 348-ல் 33 அவர்களுடையது. 222 நம்முடையது. அந்த 222-ஐ நாம் என்ன செய்தோம்?

ஆம்பூர் பக்கத்தில் என் பெரியம்மா வீடு. சின்ன வயதில் கோடை லீவுக்குப் போனால் கிணற்றில் குதித்து நாள் முழுக்கக் குளிப்போம். 1990 வாக்கில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக மாறியது. வாளியில் இறைத்தால் மேலே நுரை நின்றது. தென்னை காய்ப்பு குறைந்தது. இளநீர் உப்புக் கரித்தது. இளநீர் உப்புக் கரிக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்கமாட்டேன், குடித்துப் பார்த்ததால் தெரியும். மேலே இருந்த தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு ஓடை வழியாக ஆற்று மணலில் இறங்கி, மணல் வழியாகக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. நல்ல தண்ணீர் எந்த வழியில் வந்ததோ அதே வழி.

தோல் பதனிடுவது இங்கே புதுத் தொழில் இல்லை. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துப் பதனிட்டார்கள். 1970களுக்குப் பிறகு குரோமியம் உப்பு போட்டு வேகமாகப் பதனிடுகிற முறை பரவியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அவ்வளவும் உப்பும் ரசாயனமுமாக வெளியே வரும். வேலூரைச் சேர்ந்த ஒரு மக்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், இந்தத் தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற உதவிய முக்கியமான வழக்குகளில் இதுவும் ஒன்று. சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் வேலூர் வழக்கு என்று இதைப் படிக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுதி, கண்காணிக்கக் குழு போடச் சொல்லவேண்டி வந்தது. நடுவில் 28 வருஷம் ஓடிவிட்டது. ஒன்றையும் சொல்லவேண்டும்: என் பெரியம்மாவின் இரண்டு மருமகள்களும் ஷூ கம்பெனி வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தச் சம்பளத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். கழிவை ஒழுங்காகச் சுத்திகரிக்கிற செலவை மிச்சம் பிடித்தவர்கள் அந்தப் பெண்கள் இல்லை.

அப்புறம் மணல். எங்கள் ஊரில் முதலில் மாட்டு வண்டி இறங்கியது. பிறகு லாரி. 1990களின் கடைசியில் பொக்லைன் வந்தது, ராத்திரியெல்லாம் விளக்கு வெளிச்சம். 1998-ல் நைனா மாடி கட்டினார். அந்த மாடிக்கு வந்ததும் பாலாற்று மணல்தான். சலிக்கவே வேண்டாம், அவ்வளவு சுத்தம் என்று கொத்தனார் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். பிற்பாடு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. இரண்டு யூனிட் ஏற்றிய ஒரு லாரி போனால், வருஷா வருஷம் சுமார் 1,400 லிட்டர் தண்ணீர் தங்குகிற இடம் அதோடு போய்விடுகிறது. ஒரு வருஷத்துக்கு இல்லை, இனிமேல் எல்லா வருஷத்துக்கும். எங்கள் மாடிக்கு எத்தனை லாரி வந்தது என்று நைனாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

மணல் போனதும் அடியில் களிமண்ணும் பாறையும் வெளியே தெரிந்தன. சீமைக்கருவேலம் முளைத்தது. எங்கள் கிணறு 35 அடி. அதில் முதலில் தண்ணீர் வற்றியது, அப்புறம் குப்பை சேர்ந்தது, இப்போது மூடியாகிவிட்டது. போர் 600 அடிக்குப் போயிருக்கிறது. மேட்டூர் பக்கமிருந்து குழாய் போட்டு வேலூருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2019-ல் சென்னை தவித்தபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் புறப்பட்டது. 50 வேகனில் 25 லட்சம் லிட்டர், அதுவும் காவிரித் தண்ணீர். அந்த ரயில் வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டியே கிழக்கே போனது. ஒரு ஆற்றின் படுகையில் இன்னொரு ஆற்றின் தண்ணீர் ரயில் ஏறிப் போவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயா அதைப் பார்க்கவில்லை. 2004-லேயே போய்விட்டாள்.

2021 நவம்பரில் பாலாறு வந்தது. சென்னையிலிருந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பைபாஸ் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது. இக்கரைக்கும் அக்கரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர், நடுவில் வேரோடு ஒரு தென்னை உருண்டுகொண்டு போனது. சேதத்துக்காக எல்லாருக்கும் வருத்தம் இருந்தது. ஆனாலும் கற்பூரம் ஏற்றியவர்கள், மஞ்சள் குங்குமம் போட்டவர்கள், சும்மா அழுதவர்கள் என்று எத்தனை பேர். 20 வயதுப் பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆறு! ஆறு!" என்று கத்தினார்கள். அவர்கள் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பாலாற்றைப் பார்த்ததே இல்லை.

அந்தத் தையில் பொங்கலுக்குப் போனபோது என் மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். நைனாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எங்கள் துறைக்கு நேரே மணல் இல்லை, சேறு. சுடுகாட்டைத் தாண்டி, லாரி இறங்க வழியில்லாத ஒரு மூலையில் கொஞ்சம் பழைய மணல் இன்னும் கிடக்கிறது. காலால் தள்ளிப் பார்த்தேன். கருப்பாக, ஈரமாக இருந்தது. கொட்டாங்குச்சி கொண்டுபோகவில்லை, மகள் தன் பிளாஸ்டிக் டப்பா மூடியால் தோண்டினாள். பக்கம் சரிந்து விழுந்தது. சட்டி மாதிரி தோண்டச் சொன்னேன். அடியில் மினுங்கியதும் கத்தினாள். தண்ணீர் கலங்கலாக ஊறியது. கையை விடப் போனவளை நிறுத்தி, மூன்று தபா இறைத்து ஊற்றச் சொன்னேன்.

தெளிந்ததும் முதலில் நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி அப்படியே இருந்தது. லேசாக உப்புக் கரித்தது. குடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். நைனா சிரமப்பட்டுக் குனிந்து, குழிக்குள் கையை விட்டு, விரல் நுனி தண்ணீரைத் தொட்டதும் நிமிர்ந்தார். முழங்கைக்குக் கீழே மணல் ஒட்டியிருந்த இடத்தை எங்களிடம் காட்டினார்.

"ஒரு முழம்" என்றார்.